மூன்றாம் குவியலின் சூடு

1.
இந்தக் கதையை ஓர் அறிக்கையிலிருந்து திருடினேன். சாணத்தை மக்கவைக்க நுண்ணுயிர்த் தூள் எவ்வளவு உதவுகிறது என்று நாற்பது பக்கத்துக்கு நீட்டி முழக்கும் அறிக்கை. அதற்கு மொழி திருத்திக் கொடுத்தவன் நான்தான். கொடுத்த பிறகுதான் அது என்னை உறுத்த ஆரம்பித்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இளவெயிலில் மூன்று சாணக் குவியல்கள் மௌனமாக..." (அடித்துவிட்டேன். சாணக் குவியலுக்கு ஏது மௌனம்? நாற்றம் மூக்கைத் துளைக்கும்.)

2.
உரக்கூடத்தில் குவியல் கிளறுகிறவள் சூடக்கா. முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். முதல் குவியலில் பாக்கெட்டில் வந்த நுண்ணுயிர்த் தூள், இரண்டாவதில் கரித்தூள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மூன்றாவதில் எதுவும் சேர்க்கக் கூடாது என்பது ஆய்வு அதிகாரியின் ஏற்பாடு.

நான்காம் நாள் வெப்பமானி முதல் குவியலில் நாற்பத்தெட்டு காட்டியது. இரண்டாவதில் நாற்பத்தைந்து. மூன்றாவதில் அறுபத்தொன்று! சூடு கூடினால் சாணம் நன்றாக மக்குகிறது என்று அர்த்தம்.

"என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். வழக்கம்போல பழைய உரத்துல ஒரு கூடை அள்ளிப் போட்டேன்."

"எதையும் சேர்க்காதீங்கன்னு சொன்னேனே!"

"அது சேர்க்கிறதா சார்? புதுக் குவியல்னா பழசு ஒரு கூடை போடறதுதானே? மத்த ரெண்டுக்கும் நீங்களே ஏதோ போட்டுட்டீங்க. இது மட்டும் சும்மா கெடந்துச்சு, மனசு கேக்கல."

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: அந்தக் கூடையில் இருந்தவையும் நுண்ணுயிர்கள்தான். அதே சாணத்தில், அதே கூடத்தில் பிறந்து வளர்ந்தவை. அவற்றுக்குப் பாக்கெட் இல்லை, அதுதான் குறை.)

3.
அதிகாரிக்கு முறுக்கு மீசை வைத்து வில்லனாக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை. பாக்கெட் தூள் ஜெயிக்கும் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்த சாதாரண மனிதர் அவர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கூடை போட்டதை அப்படியே எழுதிவிட்டு, இன்னொரு குவியல் போட்டுப் பார்த்திருக்கலாமே!

அவர் சூடக்காவிடம் ஒரு தாளை நீட்டினார். 'வெப்பமானி பழுது' என்று எழுதியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நீங்க ஆய்வையே கெடுத்துட்டீங்கன்னு எழுதணும். அப்புறம் திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டியதில்ல."

வீட்டுக்காரரிடம் போனில் கேட்டாள். "போட்டுட்டு வா. அந்த வேலையும் போச்சுன்னா என்ன பண்றது?" என்றார் அவர்.

அவள் அதிகாரியிடம் திரும்பினாள்.

"என் கைக்கும் சூடாத்தான் இருந்துச்சு சார். அப்ப என் கையும் பழுதா?"

4.
முடிவு ஒன்று: தாளைக் கிழித்து எறிகிறாள், கூடமே கைதட்... (வேண்டாம். வேலை போகிறவளுக்குக் கைதட்டி என்ன பிரயோசனம்?)

முடிவு இரண்டு: கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்து...

எழுத முடியவில்லை. அந்தக் கையை இன்னும் எவ்வளவுதான் அவமானப்படுத்துவது?

5.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திருத்த வந்த பிரதியின் ஓரத்தில் "ஒரு கூடை பழைய உரம் போட்டேன்" என்று பென்சிலில் ஒரு வரி இருந்தது, கோணல்மாணலான எழுத்தில். பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று அதை அழித்தவன் நான்தான். யார் எழுதியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் முடிவு எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. பென்சில் இனி உங்கள் கையில். எழுதுவதற்கு முன், அறிக்கையின் கடைசியில் இணைத்திருக்கும் அந்த 'வெப்பமானி பழுது' தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அதற்குக் கீழே, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில், என் கையெழுத்து இருக்கிறது.