கை தூக்கிய வகுப்பு

பெரிய இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்தபோது ஜன்னலோரத்தில் யானிதாவின் நாற்காலி காலியாக இருந்தது. கழிப்பறைக்குப் போயிருப்பாள் என்று ஆசிரியை ஸ்லாதினா நினைத்தாள். கரும்பலகையில் அன்றைய எழுத்தை எழுதி முடித்துத் திரும்பியபோதும் யானிதா வந்திருக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் டான்யூப் ஆறு ஓடுவது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஸ்லாதினா பல வருடங்களாக மேல்வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவள். ஊரில் பாதிப் பேர் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் பிழைக்கப் போய்விட, மேல்வகுப்பில் பிள்ளைகளே இல்லாமல் போயிற்று. இந்தச் செப்டம்பரில் தலைமையாசிரியர் அவளை முதல் வகுப்புக்கு மாற்றிவிட்டார். மீசை முளைத்த பையன்களை அதட்டி அடக்கிய குரல் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. "கை தூக்காம யாரும் பேசக் கூடாது. நான் கூப்பிட்டாத்தான் வாயத் திறக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் வகுப்பில் சத்தமே இல்லை. நல்ல பிள்ளைகள் என்று மற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள். அவளுக்கு என்னவோ யாரும் இல்லாத அறையில் பாடம் நடத்துவது போலிருந்தது. இன்று காலை, நீலச் சாயத்தைக் கொட்டிவிட்ட யானிதாவை ஓர் அதட்டு அதட்டியிருந்தாள். குழந்தை அழவில்லை, உதட்டை மட்டும் கடித்துக்கொண்டது.

"யானிதா எங்கே?"

யாரும் பேசவில்லை. வகுப்பு முழுக்கக் கைகள் எழுந்தன. அது அவள் கண்ணில் பட்டதே தவிர மனதில் ஏறவில்லை. "யாரும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கழிப்பறையில் இல்லை. முற்றத்தில் இல்லை. ஆற்றுப் பக்கத்துக் கம்பிவேலியில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று கையால் தடவிக்கொண்டே போனாள். வாசலில் காவலிருக்கும் பென்கா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் தாண்டி ஒரு பூனை கூடப் போகல டீச்சர். சுவரேறிக் குதிக்க இதுங்க என்ன உங்க பழைய பசங்களா? உள்ளேதான் எங்கயாவது இருக்கும். அதுங்களையே கேட்டுப் பாருங்க."

"கேட்டேன் பென்கா. ஒண்ணு கூட வாயத் திறக்கல."

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

வகுப்பில் கைகள் அப்படியே தூக்கியபடி இருந்தன. சிலர் வலித்த கையை மறுகையால் தாங்கிப் பிடித்திருந்தார்கள். முன்வரிசைக் குண்டுப் பையன் தெர்வெலுக்கு முகமே சிவந்துவிட்டது.

"சொல்லு தெர்வெல்."

"கோட்டு மாட்டுற தடுப்புக்குப் பின்னால தூங்குறா டீச்சர்." அவன் மூச்சு வாங்கினான். "கைய இறக்கலாமா?"

"இறக்குப்பா. எல்லாரும் இறக்குங்க. இனிமே இந்த மாதிரி இருந்தா கேக்காமலே கத்திச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அவ அழுதா டீச்சர், சொல்லக் கூடாதுன்னு சொன்னா டீச்சர் என்று எல்லாப் பக்கமிருந்தும் குரல்கள். "நீங்க எவ்வளவு வேகமா ஓடுறீங்க. எங்கம்மாவால முடியாது" என்றது ஒன்று. வந்த நாளிலிருந்து முதல் முறையாக ஸ்லாதினா அந்த அறையில் சிரித்தாள்.

அறைக் கோடியில் இருந்த தடுப்புக்குப் பின்னால், கீழே விழுந்த கோட்டுகளின் மேல் யானிதா சுருண்டு கிடந்தாள். கன்னத்தில் நீலச் சாயம் காய்ந்திருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"கோவமா இருக்கீங்களா?"

"இல்லடா கண்ணு. பயந்துட்டேன்."

"நானும்தான்."

யானிதா சற்று யோசித்தாள். பிறகு சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டு, யாருடைய கோட்டையோ இழுத்து, தன் பக்கத்து வெறுந்தரையில் விரித்துவிட்டாள்.