அந்தோனிமுத்துவின் விரலுக்கு எடுத்த இழவு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே. ஒரு விரலுக்குத் தோட்டமே கூடி இழவு எடுத்த கதையைச் சொல்லப்போகிறேன். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். விரலுக்குச் சொந்தக்காரர் உயிரோடுதான் இருக்கிறார். நேற்றுக்கூட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் ஒரு பிடி பிடித்துவிட்டு, உப்புப் பத்தவில்லை என்று குறை சொன்னார்.

இலங்கை மலைநாட்டில் பசறைக்கு மேலே மஞ்சள்பாறைத் தோட்டம். அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோரு என்றுதான் சொல்வோம். அதில் கொழுந்து அரைக்கிற மிஷினுக்கு அண்டா போல ஒரு வாய். உள்ளே இரும்புத் திருகு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வாய்க்கு ஒரு கம்பிவலை மூடி உண்டு. கொழுந்து இறங்கும், கை இறங்காது. ஆனால் கொழுந்து மெதுவாகத்தான் இறங்கும். ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் கிருபாகரன் ஐயாவுக்கு மெதுவாக நடக்கிற எதுவும் பிடிக்காது. சாமியிடம்கூட அவர் ஓடிக்கொண்டேதான் செபம் சொல்வார்.

“மூடியக் கழட்டுப்பா” என்றார். மிஷின் வாயில் நிற்கிற அந்தோனிமுத்து கழற்றினார். கழற்றிய மூடி, டீமேக்கர் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவானது. அதை மாட்டிக் கொடுத்தவரும் அந்தோனிமுத்துதான்.

“இனிமே கீரி என்ன, கீரியோட தாத்தா வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க” என்று கதவைத் தட்டிப் பாராட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து கோழிகள் நிம்மதியாகத் தூங்கின. தோட்டத்துக்கே பெரிய அதிகாரியான துரையும் தினம் காலையில் மூடியில்லாத அந்த வாயைத் தாண்டித்தான் போவார், வருவார்.

மழை விட்டு வெயில் அடித்து, கொழுந்து மலைமலையாக வந்து குவிந்த ஒரு காலை. மிஷின் வாய் அடைத்துக்கொண்டது. அந்தோனிமுத்து வழக்கம்போலச் சுட்டுவிரலால் குத்தித் தள்ளினார். கை வெளியே வந்தது. சுட்டுவிரல் வரவில்லை.

இந்த இடத்தில் நானும் சிரிக்கமாட்டேன், நீங்களும் சிரிக்கவேண்டாம். அவர் போட்ட சத்தம், கீழ்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பெரியாயிக்குக் கேட்டது. தலையில் மாட்டிய கூடையோடு ஓடிவந்தாள். அதற்குள் அவரைத் தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது: ஆளுக்கு ஆபத்தில்லை, புண்ணைத் தைத்தாயிற்று, மிஷினில் நசுங்கிய விரலைக் கொண்டுவந்தாலும் இனி ஒட்டவைக்க முடியாது.

அரைத்த கொழுந்தைச் சலிக்கிற இடத்தில் அவர்கள் மகள் மதுஷா வேலை செய்தாள். அப்பாவின் விரலைத் தேடி எடுத்தவள் அவள்தான். அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் டீமேக்கர் வந்தார்.

“புள்ள, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையாம். கொழுந்து புளிச்சுப் போகுது. நீ போய் மிஷின் வாயில நில்லு.”

“மூடி போடலையே ஐயா?”

“அத நாளைக்குப் பாப்போம்.”

பெரியாயி கூடையை இறக்கி வைத்தாள். புருஷனின் விரல் போன வாய்க்கு இப்போது மகளின் கையும் போகப் போகிறது. சண்டை போட்டால் வேலையை விட்டு நிறுத்துவார்கள். கெஞ்சினால் மறுபடியும் நாளைக்கு என்பார்கள். மகள் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு, ஸ்டோர் வாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, செத்துப்போச்சே!”

டீமேக்கர் பதறினார். “யாரு, அந்தோனிமுத்துவா? இப்பத்தானே நல்லா இருக்காருன்னாங்க?”

“அவரு நல்லாத்தாங்க இருக்காரு. விரலுதாங்க செத்துப்போச்சு.”

மஞ்சள்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் மிஷின் ஓடாது. எத்தனையோ துரைமார் வந்து போனார்கள், ஒருவரும் அதை மாற்றத் துணிந்ததில்லை. பெரியாயி அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“விரலுக்கெல்லாம் சாவு உண்டாம்மா?” என்றார் டீமேக்கர்.

ஒப்பாரி சொல்வதில் பேர்போன இராக்கம்மா முன்னால் வந்தாள். “காலையில உசுரு இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு.”

“இப்ப இருக்குதுங்களா?”

“இல்ல.”

“அப்ப இதுக்கு நீங்க என்ன பேருங்க வைப்பீங்க?”

டீமேக்கர் அதற்கொரு பேர் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் யாரோ மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் பாருங்கள், வேலைகள் மளமளவென்று நடந்தன. தேயிலை சாம்பிள் வைக்கிற சின்னத் தகர டப்பா சவப்பெட்டியானது. ரோட்டோரம் இழவுக்கான வெள்ளைக்கொடி கட்டினார்கள். விரலை எந்தத் திசையில் கிடத்துவது என்று ஒரு தகராறு.

“நகம் தலையா, காலா?” என்று கேட்டார் தப்படிக்கிற முருகையா.

“தலைதான். எங்க போனாலும் அதானே முன்னால போகும்” என்றாள் இராக்கம்மா.

முருகையாவுக்கு இன்னொரு சந்தேகம். “முழு ஆளுக்கு அடிக்கிற மாதிரி அடிக்கவா, விரலுக்குத் தக்கன அடிக்கவா?”

கடைசியில் ஒற்றை விரலால் டொக், டொக் என்று தட்டினார். மரங்கொத்தி வீட்டு இழவு போல இருந்தது.

மதுஷாவின் போனில், கையில் பெரிய வெள்ளைக்கட்டோடு அந்தோனிமுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெரிந்தார். “எல்லாரும் வந்துட்டாங்களா? போனத் திருப்பிக் காட்டும்மா. ஏன், மேல் லயத்து ஆளுங்கள ஒருத்தரையும் காணோம்? அவங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் நான் போய் நின்னேன்ல?”

மேட்டிலுள்ள தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கு ஆள் ஓடியது. பெரியாயிக்காக இராக்கம்மா ஒப்பாரி தொடங்கினாள்:

“பொட்டு வச்ச விரலே, எனக்குப்
பூ முடிஞ்ச விரலே,
கோழிக்குக் கதவு வச்சு, ஒன்னக்
கொன்னுபுட்டாங்க விரலே!”

“அக்கா, நிறுத்துங்க!” என்று போன் கத்தியது. “நான் எப்ப அவளுக்குப் பூ முடிஞ்சேன்?”

“அதான் செத்த பொறகாவது சொல்லிக்கிறேன். பேசாம இருங்க!” என்றாள் பெரியாயி.

இந்த நேரத்தில் துரையின் ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்கொடியைப் பார்த்ததுமே தொப்பியைக் கழற்றிவிட்டார். டப்பாவின் முன்னால் தலைகுனிந்து நின்ற பிறகுதான் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தது. கழற்றிய தொப்பியைத் திரும்பப் போடவும் கூச்சம், போடாமல் இருக்கவும் கூச்சம். கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“எத்தன மணிக்கு எடுக்கிறது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நெருங்கின சொந்தம் ஒண்ணு வரணும்ங்க தொரை. அது வந்து மொகம் பாக்காம எடுக்க முடியாதுங்க” என்றாள் பெரியாயி.

“கொழும்பிலிருந்தா? ஜீப் அனுப்பவா?”

“அம்புட்டுத் தூரம் இல்லீங்க. டீமேக்கர் ஐயா வீட்டுக் கோழிக்கூட்டுலதாங்க இருக்கு. மிஷினோட மூடிங்க. எம்மகள வாயில நிக்கச் சொல்றாங்க. மூடி வந்து உக்காந்தாத்தாங்க எடுப்போம்.”

துரை டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். தினமும் அந்த வாயைத் தாண்டிப் போனது துரைக்கும் நினைவு வந்திருக்கவேண்டும். “கொண்டாங்க” என்றார்.

டீமேக்கரே போய்க் கழற்றிச் சுமந்து வந்தார். கதவு போன கூட்டிலிருந்து கோழிகள் அத்தனையும் அவர் பின்னால் வந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மெதுவாக நடந்தார், காலுக்குள் கோழி.

இழவு வீட்டுக்குச் சொந்தம் வந்தால் பெண்கள் கட்டிக்கொண்டு அழவேண்டும் அல்லவா? இராக்கம்மா ஓடிப்போய் மூடியைக் கட்டிக்கொண்டாள்.

“இப்பத்தான் ஒனக்கு வழி தெரிஞ்சுச்சா ராசா? ஒரு நா முந்தி வந்திருக்கக் கூடாதா?”

மற்றப் பெண்களும் கட்டிக்கொண்டார்கள். மூடியை விடாமல் பிடித்திருந்த டீமேக்கரும் நடுவில் மாட்டிக்கொண்டார். சுற்றிலும் அழுகை. என்ன நினைத்தாரோ, அவரும் அழுதார். கோழி எச்சம் ஒட்டியிருந்ததைக் கழுவி, நட்டுப் போட்டு முறுக்கினார்கள். பெரியாயி முஷ்டியை மடக்கிக் கம்பிவலை மேல் அழுத்திப் பார்த்தாள். போகவில்லை. விரலை நுழைத்துப் பார்த்தாள். அதுவும் போகவில்லை. மகளையும் அழுத்திப் பார்க்கச் சொன்னாள்.

“சரி, எடுங்க” என்றாள்.

தேயிலைச் சரிவுக்குக் கீழே, ஒரு கையளவு குழி. டப்பாவை மண்ணில் வைத்தபோது பெரியாயி மாரில் அடிக்கவில்லை, பாட்டுச் சொல்லவில்லை. அதுவரை போட்ட கூப்பாடெல்லாம் ஊருக்கு. இப்போதுதான் அவளுக்கு நிஜமாக அழுகை வந்தது. சத்தமே இல்லாமல் அழுதாள். முருகையா தப்பைக் கீழே வைத்துவிட்டார்.

போனிலிருந்து அந்தோனிமுத்து சொன்னார்: “அழாத புள்ள. இன்னும் ஒம்பது இருக்கு.”

“அந்த ஒம்பதையும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டாங்க” என்றாள் பெரியாயி.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற கைகளெல்லாம் போன மாதிரியே முழுசாகத் திரும்பி வரட்டும். சோறு பிசையவும், பிள்ளைகளுக்குத் தலை வாரவும், சண்டை வந்தால் நீட்டிப் பேசவும் விரல்கள் குறையாமல் இருக்கட்டும். அடுப்பில் நெருப்பும் பானையில் சோறும் வாசலில் சிரிப்புமாக, உங்கள் குடும்பம் நல்லா இருக்கட்டும்.