முதுகைத் திருப்பி உட்கார்ந்த பூனை

ஊர்த் தலைவர் தோங்தாம் மூங்கில் கூடையோடு வருவதைச் சங்வியன் பார்த்தாள். உரலில் காரச் சாலட்டுக்குப் பப்பாளிக்காய் இடித்துக்கொண்டிருந்த உலக்கை பாதியில் நின்றது. தூண்கள்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில்தான் அவளுடைய சாப்பாட்டுக் கடை. பலகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிகுனும் நிமிர்ந்து பார்த்தாள்.

"மழையில்லாம நாத்து எல்லாம் பழுத்துப் போச்சு, தங்கச்சி. நாளைக்குக் காலைல பூனை ஊர்வலம் வச்சிருக்கோம். உன் பூனை மோக்கைக் குடு," என்றார் தலைவர். "உடம்பு பூரா மேக நிறத்துல இருக்கிறது ஊர்லயே அது ஒண்ணுதான். அது கூடைக்குள்ள கத்துனாத்தானே மழை?"

சங்வியன் திரும்பிப் பார்த்தாள். மாடிப்படியின் மூன்றாவது படியில் மோக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அதன் காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளேதான் பெருமையாகத் தூக்கிக் கொடுத்தாள். அப்போதெல்லாம் மோக் அவள் மடியைவிட்டு இறங்காது. கூடையில் வைத்து மேளம் அடித்து வீதிவீதியாகக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற அது கத்தியது. கத்தக் கத்த ஊர் குதித்தது. இவளும் கூடச் சேர்ந்து குதித்தாள். கூடையின் இடுக்கில் அதன் காது தலையோடு ஒட்டிக் கிடந்ததையும், கண்ணின் கருமணி முழுக்க விரிந்திருந்ததையும் பார்த்தாள். சாமி வந்துவிட்டது என்று நினைத்துக் கைகூப்பினாள். பயம் என்று தெரியவில்லை, பாவிக்கு! இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு அறுக்கும்.

அன்றிலிருந்து மோக் அவள் கைக்கு எட்டவில்லை. போட்ட மீனைத் தின்னும், அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவள் நேருக்கு நேர் கண்ணைப் பார்த்து "வாடா கண்ணு" என்று கொஞ்சினாள். ஓடிவிட்டது. வாலை அப்படியும் இப்படியும் விசிறியதைப் பார்த்து, நாய் மாதிரி சந்தோஷத்தில் ஆட்டுகிறது என்று கையை நீட்டினாள். நாலு கோடு கிழித்துவிட்டது. எத்தனை தடவை சூடுபட்டால் என்ன, கற்றுக்கொண்டாள். வெறித்துப் பார்த்தால் அது மிரட்டல். முகத்தைத் திருப்பி, கண்ணை மெல்ல மூடித் திறந்தால் அதுவும் மூடித் திறக்கும். போன வருஷம் ஒரு காலையில் வாலை நட்டுக்குத்தாக நிறுத்தி, நுனியை மட்டும் கொக்கிபோல வளைத்துக்கொண்டு எதிரே வந்தது. அன்றைக்குச் சந்தோஷத்தில் அவள் கடையே திறக்கவில்லை. ஆனாலும் கன்னத்தைத் தூணில்தான் தேய்க்கும். "தூணுக்குக் குடுத்து வச்சிருக்கு, எனக்கு இல்லை," என்று புலம்புவாள். இப்போது ஒரு முழத் தூரத்தில் வந்து உட்காருகிறது. மிச்சம் அந்த ஒரு முழம்தான்.

"தரமாட்டேன், அண்ணே," என்றாள்.

"அடியம்மா!" பிகுன் வாயிலிருந்த கவளத்தோடு பேசினாள். "அது பூனையா, மகாராணியா? ஊரு வயல் காஞ்சா உனக்கென்ன!"

"என் வயலும்தான்டி காயுது."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் சொல்லலை. நாளைக்கு மழை பெய்யலைன்னா ஊர் உன்னைத்தான் சொல்லும். அப்புறம் இந்தப் பலகையில யாரு வந்து உட்காருவா?"

அதுவும் உண்மைதான். சங்வியன் உலக்கையைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து கூடையை வாங்கிக்கொண்டாள். "காலைல இதுல பூனை இருக்கும். கத்தவும் கத்தும். நான் பொறுப்பு."

மறுநாள் கூடை கிளம்பியது. கூடையைத் தொங்கவிட்ட கழியின் பின்பக்கத்தை அவளே தோளில் ஏற்றிக்கொண்டாள். முதல் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். சத்தம் இல்லை. மேளம் தயங்கியது. எல்லோரும் கூடையைப் பார்த்தார்கள்.

"மியாஆஆவ்!"

மோக்கின் குரலேதான். மீன் வேக நேரமானால் போடும் அந்த நீண்ட முறையீடு. ஆனால் வந்தது கூடையிலிருந்து இல்லை, கழியின் பின்பக்கத்திலிருந்து. பிகுன் பாய்ந்துபோய் மூடியைத் திறந்தாள். உள்ளே சாம்பல் நிறத் துணிப் பூனைப் பொம்மை ஒன்று நனைந்து கிடந்தது.

ஊரே அவள் பக்கம் திரும்பியது. சங்வியன் விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னொரு தடவை கத்தினாள். தலைவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிகுன் ஒரு வாளியைத் தூக்கி அப்படியே இவள் தலையில் கவிழ்த்தாள். "கத்துடி பூனைத்தாயே! பூனையை ஒளிச்சு வச்சேல்ல, நீ கத்து!"

கத்தினாள். அத்தனை வீட்டு வாசலிலும் நனைந்து நனைந்து கத்தினாள். கடைசி வீட்டில் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

மத்தியானம் சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்தாள். அவளைக் கண்டதும் மோக் தரையோடு பதுங்கியது. ஈரத் துணி வாடை. காது படிந்தது, கருமணி விரிந்தது, ஒரே தாவலில் தண்ணீர்ச் சாடிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மூன்று வருஷப் பாடு ஒரு நொடியில் போய்விட்டதே என்று அவளுக்கு அழுகை முட்டியது. கூப்பிடலாம் என்றால் குரலும் இல்லை. நல்லவேளை, கூப்பிட்டிருந்தால் அது இன்னும் மிரண்டிருக்கும்.

துணி மாற்றினாள், தலையைத் துவட்டினாள். பலகையில் உட்கார்ந்து சாடிப் பக்கம் பார்க்காமல், முற்றத்துத் தட்டுகளில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயைப் பார்த்தாள். ஒரு மாதக் கடைக்கான மிளகாய். கண்ணை மெல்ல மூடித் திறந்தாள்.

ரொம்ப நேரம் கழித்துக் கால்விரலில் ஈர மூக்கு பட்டது. அவள் அசையவில்லை. நட்டுக்குத்தாக நின்ற ஒரு வால் ஓரக்கண்ணில் தெரிந்தது, நுனியில் கொக்கி. மோக் பலகையில் ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றி, அவளுக்கு முதுகைக் காட்டி, தன் பின்புறத்தை அவள் தொடையோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தது.

பெரியவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அந்த ஊரில் மண்டையில் குட்டு விழும். பூனைக்கு அப்படி இல்லை. யாரை நம்புகிறதோ அவரிடம்தான் முதுகை ஒப்படைக்கும். சங்வியனுக்கு அது தெரியும். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

அப்போது தகரக் கூரையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை.

"சங்வியன்! மழை! உன் தொண்டைக்கு மழை வந்திருச்சும்மா!" தெருவில் தலைவர் கூத்தாடினார்.

"மிளகா நனையுதுடி, எந்திரி!" பிகுன் வேலிக்கு அப்பாலிருந்து அலறினாள். "உட்கார்ந்திருக்கா பாரு கல்லு மாதிரி! என்னடி ஆச்சு உனக்கு?"

மோக்கின் ஒரு காது சத்தத்தின் பக்கம் திரும்பியது. பிறகு தானாகத் திரும்பி வந்தது. வால் அவள் பாதத்தின்மேல் வந்து படிந்தது.

மிளகாய் முழுக்க நனைந்தது. சங்வியன் எழுந்திருக்கவில்லை.