ஒரு காலுக்கு மட்டும்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில், அட்டை கடிக்காமலிருக்கக் காலில் பூசும் தைலத்தோடு நின்ற கம்சலாவை யாரும் சட்டை செய்யவில்லை. அவளை நம்பி இருநூறு டப்பாவுக்கு லேபல் அடித்துக் கொடுத்த பதுளை மருந்துக்கடை முதலாளி ஹுமைத், வாடகை மைக்கில் 'இயற்கை அன்னையின் அருட்கொடை' என்று முழங்கிக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் துண்டுப்பிரசுரத்தை வாங்கி அதில் வெற்றிலையை மடித்துக்கொண்டார்கள்.

கம்சலா டப்பாக்களை மறுபடி அடுக்கி வைத்தாள். ஆறு வருடம் கொழும்பில் தையல் ஆலையில் கிடந்துவிட்டு, மகளோடு இருப்பதற்காக மூன்று மாதத்துக்கு முன்தான் திரும்பியிருந்தாள். வேப்பெண்ணெயும் மெழுகும் காய்ச்சி அவளே செய்த தைலம் இது. போணியாகாவிட்டால் மறுபடி கொழும்புதான். பிள்ளை மறுபடி அத்தை வீட்டில்தான். வேலைக்கு வருகிறாளா இல்லையா என்று ஆலையில் இன்று பின்னேரத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

"ஏன் பொண்ணு, இதப் பூசுனா அட்ட ஓடிருமா, இல்ல கும்புட்டுட்டுப் போயிருமா?" என்றாள் சந்திரகாந்தி. இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து பறிப்பவள்; அவள் வாய்க்குக் கங்காணியே ஒதுங்கிப் போவார். "சவுக்காரம் பூசிப் பாத்தாச்சு, சுண்ணாம்பு பூசிப் பாத்தாச்சு. ஒரு மழைக்குத் தாங்குச்சா?"

மைக்கில் சொன்ன எதிலும் இதற்குப் பதில் இல்லை என்பது கம்சலாவுக்கு உறைத்தது. ஒரு டப்பாவைத் திறந்தாள்.

"காசு வேணாங்க அக்கா. வலது காலுக்கு மட்டும் பூசிவிடுறேன். இடது கால அப்பிடியே விட்டுட்டு மலைக்குப் போங்க. பகலைக்குக் கொழுந்து நிறுக்க வாறப்ப ரெண்டு காலையும் பாருங்க."

"அப்ப பாதி மாப்பிள்ளைக்குத்தான் சந்தனமா?"

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே பதினொரு பேர் காலை நீட்டினார்கள்.

அவர்கள் போனதும் ஹுமைத் தலையில் கைவைத்தார். "என்ன தங்கச்சி செஞ்சீங்க? மத்தக் காலுல கடிச்சா அதுக்கும் நமக்குத்தான் ஏச்சு."

"அது எப்பவும் கடிக்கிறதுதானே, ஹுமைத் நானா."

ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் அவள் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தாள். ஹுமைத் பேனரைக் கழற்றிச் சுருட்டினார்.

பன்னிரண்டுக்கு முதலில் இறங்கி வந்தவள் சந்திரகாந்திதான். இடது காலில் ரத்தம் வழிந்தது. முகம் கடுகடுவென்றிருந்தது.

"ஏய் பொண்ணு! இங்க வா!"

கம்சலா எழுந்து கிட்டே போனாள்.

"இடது காலுல எட்டு. வலதுல ஒண்ணு, அதுவும் நீ பூசாம விட்ட வெரலிடுக்குல. கையில இம்புட்டு மருந்த வச்சிக்கிட்டு இந்தக் காலு என்னாடி பாவம் பண்ணுச்சு? எடு டப்பாவ!"

பின்னால் வந்தவர்கள் கொழுந்தை நிறுக்கக்கூட மறந்து காலோடு காலை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் பூசிக்கொள்ளாதவர்கள்தான் முண்டியடித்தார்கள். ஹுமைத் பெட்டிக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

இரண்டு மணிக்கு ஒரு டப்பாவும் மிச்சமில்லை. கம்சலா ஆலைக்குப் போன் செய்தாள். "நான் வரல்லைங்க சார். வேற யாரையாவது எடுத்துக்குங்க." சொல்லி முடித்ததும்தான் பசி தெரிந்தது. விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. சந்திரகாந்தி தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தேங்காய்ச் சம்பலோடு நீட்ட, அதன் உறைப்புக்குக் கண் கலங்கியபடி, அவள் நிதானமாகச் சாப்பிட்டாள்.