பக்கத்துக் குழிக்காரர்

அப்பாவின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள் முத்துமீனா. இடுகாட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்த தம்பி ராஜபாண்டி, பந்தலுக்கு வெளியே நின்று அவளை மட்டும் கைகாட்டிக் கூப்பிட்டான்.

“அக்கா, குழியில பானை தட்டுதுக்கா. பெரிய பானை. கடப்பாரையப் போடவான்னு மருதண்ணே கேக்குறாரு.”

“போட வேணாம்னு சொல்லுடா!”

அவள் போட்ட சத்தத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

எட்டு மாதமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. ஊருக்கு மேற்கே, மலையடிவாரக் காப்புக்காட்டில், வனத்துறையிடம் அனுமதி வாங்கித் தை மாதம் தொல்லியல்காரர்கள் இறங்கினார்கள்; அவர்களுக்குத் தலைமை ஒரு மேடம். பத்துப் பெண்களை வேலைக்குச் சேர்த்ததில் முத்துமீனாவும் ஒருத்தி. கடப்பாரை பிடித்த கைக்குக் கரண்டியும் பிரஷும் பழக ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு, மண்ணின் நிறம் லேசாக மாறினாலே கீழே முதுமக்கள் தாழி இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மழைக்காலம் தொடங்குமுன் குழிகளையெல்லாம் மூடி, காட்டைக் காடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூடுவதற்குக் குறித்த நாள் இன்றைக்குத்தான். விடியற்காலை ஆடுகளை அவிழ்க்கப் போன அப்பா சின்னான், பட்டியிலேயே சாய்ந்துவிட்டார்.

சின்னானுக்கு அந்த வேலையைக் கண்டாலே ஆகாது. அறுபது வருஷம் அவர் ஆடு மேய்த்த காடு அது. “என் ஆடு ஒரு வாய் தழையக் கடிச்சா அபராதம். இவுக ஆளுயரத்துக்குத் தோண்டுனா மட்டும் ஆராய்ச்சியாக்கும்?” என்று பொரிந்து தள்ளுவார். மகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் எட்டிப் பார்க்க வரவில்லை. ஆனால் போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தி, “ஏம்மா, அந்தத் தாழிக்குள்ள இருக்கவுக ஆடு கீடு வச்சிருந்தாகளா?” என்று கேட்டார்.

“மேடத்துக்கிட்டக் கேட்டுச் சொல்றேம்பா” என்றாள். வேலை மும்முரத்தில் மறந்துபோனாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே பார்த்தது, இன்று காலையில்தான் அவளுக்கு உறைத்தது.

சித்தப்பா சிவபாண்டி எழுந்து வந்தார். “வேற எடத்துல வெட்டச் சொல்லுடா.”

“வெட்டுன குழிய வெறுங்குழியா மூடுனா இன்னொரு உசுரக் கேக்கும்ன்றாரு மருதண்ணே.”

“அப்ப அந்தப் பானைய ஒடச்சுப்புட்டு ஆக வேண்டியதப் பாருங்க. மழை வேற இருட்டிக்கிட்டு வருது.”

முத்துமீனா உள்ளே போய் வேலைப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். சித்தப்பா குறுக்கே நின்றார்.

“பொம்பள சுடுகாட்டுக்கு வரக்கூடாது தாயி.”

“எட்டு மாசமா நான் சுடுகாட்டுலதான் சித்தப்பா வேல பாக்குறேன்.”

சித்தப்பா மலையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், கடைசியில் வழியை விட்டார்.

காட்டு வேலியை ஒட்டித்தான் இடுகாடு. இடுப்பளவுக் குழிக்குள் கடப்பாரையை ஊன்றியபடி நின்றிருந்தார் ஊருக்குக் குழி வெட்டும் மருது. முத்துமீனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். குழியின் கிழக்கோரம், செம்மண்ணில் வட்டமாகக் கறுத்துக் கிடந்தது ஒரு இடம். அதன் நடுவில், ஒரு சாண் நீளத்துக்கு, கனத்த விளிம்பு ஒன்று வளைந்து தெரிந்தது.

கரண்டியால் சுரண்டினாள், பிரஷால் தள்ளினாள், வாயால் ஊதினாள். கழுத்து வந்தது. கழுத்தைச் சுற்றிச் சங்கிலி மாதிரி வரிசையாகப் பள்ளங்கள். ஈரக் களிமண்ணில் யாரோ கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்தவை. காட்டுக்குள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அதெல்லாம் எண் போட்டு, படம் எடுத்து, மேடத்திடம் ஒப்படைப்பதோடு சரி. இன்று தன் கட்டைவிரலை ஒரு பள்ளத்தில் வைத்தாள். அவளுடையதைவிடச் சின்ன விரல். நகத்தின் கீறல்கூட அப்படியே இருந்தது.

இதே இடத்தில், இதே மண்ணை, யாரோ தங்கள் வீட்டு ஆளுக்காகத் தோண்டியிருக்கிறார்கள். அவர்களும் மலை மேல் மேகத்தைப் பார்த்திருப்பார்கள். அவர்களிலும் ஒருத்தி, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டோமே என்று நின்றிருப்பாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. மருது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இதுக்கு எம்புட்டு வருஷம் இருக்கும் தாயி?” என்றார், திரும்பாமலே.

“நாங்க காட்டுல எடுத்ததுக்கெல்லாம் ரெண்டாயிரத்து ஐநூறுக்கு மேலன்னு மேடம் சொல்லுவாகண்ணே.”

மருது கடப்பாரையைக் கீழே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “இந்த ஊருக்கு மொதக் குழி வெட்டுனதே எங்க வம்சம்தான்னு எங்கப்பன் பீத்திக்கிருவாரு” என்றார் மெதுவாக. பிறகு, “இத ஆபீசுக்குச் சொல்லணுமா?”

“சொல்லணும்ணே. இப்பச் சொன்னா அப்பாவ இன்னைக்கு வைக்க முடியாது. நாளைக்கு நானே மேடத்துக்கிட்டச் சொல்லிக்கிறேன். எல்லாத்தையும் நாமளே தோண்டிறக் கூடாது, பின்னால வாறவுகளுக்கும் மிச்சம் வைக்கணும்னு அவுகளே சொல்லுவாக.”

தாழி இருந்த பக்கத்தைத் தொடாமல், குழியை மேற்கே ஒன்றரை அடி அகலப்படுத்தினார் மருது. தாழியின் கழுத்தை ஈரச்சாக்கால் மூடி, மேலே பொடிமண் தூவினாள் முத்துமீனா. அதை முடித்துக் கரையேறும்போது, மேளம் பக்கத்தில் வந்துவிட்டது.

அவளைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தெற்கே தலைவைத்துச் சின்னானை இறக்கினார்கள். தாழிக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. முத்துமீனா குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குனிந்தாள்.

“நான் கேக்க மறந்துட்டேம்பா. பக்கத்துலதான் இருக்காக. நீயே கேட்டுக்க.”

ராஜபாண்டி துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டான்.

முகத்தை மூடுமுன், நெற்றியில் ஒட்டியிருந்த காசை வழக்கப்படி எடுத்துக்கொள்ளக் குனிந்தார் மருது. அது குழி வெட்டுகிறவருக்கு உள்ளது. நெற்றி வெறுமையானதும் முத்துமீனா, “இருங்கண்ணே” என்று சொல்லி, செல்போன் உறையைக் கழற்றினாள். உள்ளேயிருந்து புத்தம் புதுக் காசு ஒன்று விழுந்தது. இன்றைக்குக் காட்டுக் குழியில் போடுவதற்காக மேடம் அவளிடம் கொடுத்துவைத்தது.

“குழிய மூடும்போது இந்த வருஷத்துக் காசு ஒண்ணு போட்டுத்தான் மூடுவோம்ணே. பின்னாடி யாராச்சும் தோண்டுனா, இவுக எப்பன்னு தெரியணும்ல?”

மருது காசை வாங்கினார். ஒரு தடவை, தாழி இருந்த கிழக்குப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். மலைப்பக்கமிருந்து முதல் தூறல் விழத் தொடங்கியது. காசை வேட்டி நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வருஷம் போட்ட பக்கம் மேலே இருக்கும்படி சின்னானின் நெற்றியில் வைத்தார்.