ஒரு பிடி வைக்கோல்

குற்றாலம் ரோட்டில் வண்டிக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு மோட்டார் நுழைகிற இடம் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். முந்துகிற பஸ்ஸுக்கு எதிரே ஏதாவது வந்தால் அந்த இடத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும். யுத்தக் காலம், பெட்ரோல் இல்லை. கரியில் ஓடிய பஸ்கள் மேட்டில் வேகம் தணிந்தால் நின்றே போகும். அதனால் முந்தத்தான் செய்யும்.

அன்றைக்குச் சாரல். நல்லகண்ணு வைக்கோல் பாரத்தோடு முன்னால் போனான். பாரத்தின் மேல் அவன் பெண்டாட்டி குருவம்மாள். பின்னால் அவள் தம்பி கடற்கரையின் ஒற்றைமாட்டு வண்டி. புது மாடு, நகர்வேனா என்றது.

"ஏலே, மாடு நடக்குதா, அடிப்பிரதட்சணம் பண்ணுதா?"

"அத்தானைக் கேளுக்கா. ஒன்னைக் கட்டி இழுக்கதுக்கு இது தேவலைம்பாரு!"

அவள் சிரித்துக்கொண்டே ஒரு பிடி வைக்கோலை உருவிப் பின்னால் தொங்கவிட்டாள். மாடு மூக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்து முன்வண்டியோடு ஒட்டிக்கொண்டது.

"எக்கா, காட்டாதே. எடம் போவுது."

"பஸ் வந்தா விட்டுக்கிடலாம்லே."

பஸ் வந்தது. கடற்கரை கயிற்றை இழுத்துப் பார்த்தான். அவள் வைக்கோலை வீசி எறிந்தாள். மாடு பாரத்திலேயே வாயை வைத்துவிட்டது. கடற்கரையின் வண்டியை முந்தின பஸ்ஸுக்கு எதிரே, சாரலுக்குள்ளிருந்து ஒரு லாரி. பஸ் டிரைவர் கிதிர் முகம்மது எப்போதும் இடம் இருக்கிற பக்கம் ஒடித்தார். இடம் இல்லை. கடற்கரைதான் இருந்தான்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் கிதிர் முகம்மது தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "எடம் இருக்கும்னு நம்பித்தான்யா ஒடிச்சேன்." பஸ் முதலாளியின் ஆள் அழவில்லை. வண்டிக்காரன் தூங்கிவிட்டான் என்றான்.

"அவன் தூங்கல!" குருவம்மாள் எழுந்தாள். நல்லகண்ணு கையைப் பிடித்து இழுத்தான், உதறினாள். "கயித்தை இழுத்துக்கிட்டேதான் செத்தான். நான்தான் மாட்டுக்கு வைக்கோலைக் காட்டி எடத்தை அடைச்சேன். என்னை எழுதுங்க."

ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "ஒரு பிடி வைக்கோலையெல்லாம் கேஸ்ல எழுதச் சொல்லுதியா? போ, வீட்ல போய் அழு."

தூங்கிவிட்டான் என்றே எழுதினார். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்?

கடற்கரையின் மாட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஊருக்குத் திரும்பும்போது நல்லகண்ணு வெறும் வண்டியை ஓட்ட, அவள் மாட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

"ஏறிக்கோட்டி. மாட்டை வண்டியில கட்டிக்கிடலாம்."

"நீங்க ஓட்டுங்க."

வண்டிச் சட்டத்தில் இரண்டு வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. மாடு அதைப் பார்த்து முட்டிக்கொண்டு போனது. அவள் குறுக்கே நின்று அதன் முகத்தை நெஞ்சால் தடுத்தாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்து அப்படியே நின்றாள். நல்லகண்ணுவின் வண்டி நகர, நகர, நடுவே இடம் விழுந்தது. ஒரு பஸ் தாராளமாக நுழையலாம்.

எதிரே ஒன்றும் வரவில்லை. பஸ் நேராகப் போய்விட்டது.