ஒரே நிறத்து வயர்

பழையன்னூர் பகவதி சாட்சியாக, இதில் உள்ளது அத்தனையும் சத்தியம். ஒரு அட்சரம் கூட்டவில்லை. குறைத்தது வேண்டுமானால் இருக்கும்.

வெங்கிட்டு மூங்கில் பாடையின் ஒரு முனையைத் தோளில் தாங்கி, காருக்கும் சுவருக்கும் நடுவில் மூன்றாவது தடவையாக நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. மட்டாஞ்சேரியில் வீட்டுச் சுவருக்கும் மிளகுக் கிடங்கின் சுவருக்கும் இடையில் உள்ளது ஒரே வழி. அந்த வழியை அடைத்துக்கொண்டு, மூக்கைத் தெருப்பக்கம் நீட்டியபடி, அண்ணா பிச்சுமணியின் பழைய மோரிஸ் மைனர் நின்றது. அண்ணா கூடத்தில் கிடந்தார்.

காலையில் அதன் முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். கழற்றிய ஹாரன் பட்டன் கையில் இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் நிமிரவில்லை. பன்னிரண்டு வோல்ட் யாரையும் கொல்லாது என்றும் இது ஹார்ட்தான் என்றும் டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் நம்பவில்லை. ஏனென்றால் அந்த வண்டியை எல்லோருக்கும் தெரியும்.

எழுபத்தொன்றில் வாங்கின வண்டி. அதன் வயரிங் முழுவதையும் பிச்சுமணி தன் கையால் மாற்றினார். கப்பலில் கழித்துப்போட்ட வயர் ஒரு சுருள் மலிவாகக் கிடைத்தது. சுருள் முழுக்கச் சிவப்பு. விளக்குக்கும் சிவப்பு, வைப்பருக்கும் சிவப்பு, எர்த்துக்கும் சிவப்பு. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம். ஸ்டார்ட்டருக்கு வீட்டு காலிங் பெல் ஸ்விட்ச். இடதுபக்கம் திரும்ப சிக்னல் போட்டால் ஹாரன் அடிக்கும். பிரேக்கை மிதித்தால் எதிர்வீட்டு ரேடியோவில் ஆகாசவாணி தொண்டையைச் செருமும். மழைநாளில் வண்டியைத் தொட்ட பூனை ஒன்று அதற்கப்புறம் இருட்டில் தானாக மின்னியது. செறளாயித் தெருவில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

"அண்ணா, ஒரிஜினல் சாமான் வாங்கிப் போடு"ன்னு எட்டு வருஷம் சொல்லி வெங்கிட்டுவுக்கு அலுத்துவிட்டது. எர்ணாகுளத்தில் அவருடைய வண்டிக்கு எல்லாம் கம்பெனி சாமான். இன்று காலை படகிறங்கி வந்ததும் அழுது முடித்து, முகம் துடைத்து, கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னார்:

"இந்த சனியன் ஓடவும் ஓடாது, ஒண்ணும் ஓடாது. நாளைக்கே ஆக்ரிக்கடைல எடைக்குப் போட்டுடலாம்."

மன்னி பாக்கியலக்ஷ்மி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாவின் விரலிடுக்கில் இருந்த கரியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மணி நாலரை. "அஸ்தமிக்கறதுக்குள்ள எடுக்கணும், கேட்டேளா," என்றார் காரியம் பண்ணிவைக்க வந்த வாத்தியார். "வண்டி மேலே ஏத்தி எறக்கலாம்னு யாரும் சொல்லப்படாது. அவர் என்ன மிளகு மூட்டையா?"

ஜங்ஷனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மதுரைக்கார ஒச்சப்பனைக் கூட்டிவந்தார்கள். பானட்டைத் தூக்கி, ஒரு சிவப்பு வயரை விரலால் தொடர்ந்துபோய்ப் பாதியில் தொலைத்தான்.

"சாமி, இது என்ன கோழிக்கொடலா? எது எங்க போவுதுன்னு பெத்தவனுக்குத்தான் தெரியும். மொத்தத்தையும் அறுத்துட்டு ஒரு டைரக்ட் கொடுக்கவா? இல்லாட்டி நாலு பேரு சேந்து ஒரு தள்ளு தள்ளுங்க, போயிரும்."

"அறுக்கப்படாது."

எல்லோரும் திரும்பினார்கள். மன்னி வாசற்படியில் நின்றாள். பின்னால் பெண்கள் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளவும் முடியாது. கியர் இறுகிக் கெடக்கு. எஞ்சின் ஓடினாத்தான் விடும். அவர் சொல்லிருக்கார்."

ஒச்சப்பன் ஜன்னல் வழியாக கியர் கம்பிக்குக் கையை நீட்டினான்.

"தொடாதேப்பா. போன மாசம் கையோட வந்துடுத்து. திருப்பிச் சொருகறதுக்குள்ள எங்களுக்குப் பாதி நாள் ஆயிடுத்து."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"மன்னி, நீங்க உள்ளே போங்கோ," என்றார் வெங்கிட்டு. முதுகு விண்விண்ணென்று தெறித்தது. உட்கார வேண்டும் போலிருந்தது. "இன்னிக்குப் போய் இதெல்லாம்..."

"வெங்கிட்டு, ஒனக்கு இதோட முறை தெரியுமோ?"

"தெரியாது."

"அப்போ வா."

பாதிதான் திறக்கும் வலதுபக்கக் கதவு வழியாக நுழைந்து, நகர்ந்து, இடதுபக்க சீட்டில் போய் உட்கார்ந்தாள். சாஸ்திரம் இதற்கு என்ன சொல்கிறது என்று வாத்தியார் யோசிக்க ஆரம்பித்தார். வெங்கிட்டு ஸ்டியரிங் முன்னால் ஒடுங்கினார். அண்ணாவின் வேர்வை மணம் சீட்டில் அப்படியே இருந்தது.

"முதல்ல வைப்பர். அப்பறம் டிம் லைட். கிளட்ச்சை மிதிச்சுண்டே இரு. இந்த ரெண்டு நுனியையும் சேத்துப் பிடி."

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. சுடும். விடாதே."

காலிங் பெல்லை அவளே அழுத்தினாள். வயர் மெல்லியது, தாங்காத பாரத்தைத் தாங்கி நொடியில் கொதித்தது. ரப்பர் தீய்ந்த நாற்றம். வெங்கிட்டு கையை உதறினார்.

"விடாதேன்னு சொன்னேனே."

"என்னமா சுடறது மன்னி! அண்ணா ஒரு நாளும் சொன்னதில்லையே."

"அவர் எங்கே பிடிச்சார்? நான்தானே பிடிப்பேன்."

வெங்கிட்டு அவள் கையைப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கறுத்துக் காய்த்திருந்தன. அத்தனை வருஷம் அவள் பரிமாறிச் சாப்பிட்டிருக்கிறார். அடுப்பு என்று நினைத்திருந்தார்.

மறுபடியும் பிடித்தார். விடவில்லை.

எஞ்சின் இருமியது, குலுங்கியது, ஓடியது. கூடவே ஹாரனும் அடிக்க ஆரம்பித்து நிற்க மறுத்தது. பட்டன் கழற்றிக் கிடந்ததே ஒழிய, ஹாரனுக்கு அது தெரியவில்லை. வைப்பர் காய்ந்த கண்ணாடியைப் பரபரவென்று பிறாண்டியது. மோரிஸ் தெருவில் இறங்கி, மூன்று வீடு தாண்டி ஓரமாக நின்றது. படகுத்துறை வரைக்கும் கேட்டது என்கிறார்கள். காயலுக்கு அக்கரையில் வல்லார்பாடம் வரைக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

"ஓடித்தா?" என்றாள் மன்னி, ஹாரனுக்கு மேலே.

"எந்தா?"

"வண்டி ஓடித்தான்னு கேட்டேன்."

"ஓடித்து மன்னி."

அவள் தலையை ஆட்டினாள். வெங்கிட்டு வயர்களைப் பிரித்தார். எல்லாம் ஒரேயடியாக அடங்கியது.

இறங்கிப் போய்த் தோள் கொடுத்தார். கைவிரல் கொப்புளம் மூங்கிலில் பட்டு எரிந்தது. அண்ணாவைத் தூக்கிக்கொண்டு வண்டியைக் கடந்தபோது மன்னி இன்னும் அந்த இடதுபக்க சீட்டில்தான் இருந்தாள், மடியில் கையை வைத்து, நேரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. வைப்பர் பாதிவழியில் நின்றிருந்தது.

போன வாரம் வரைக்கும், வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் கோலம் போடுவதற்காக, அந்த வண்டியை நியூட்ரலுக்கு மாற்றி, முதுகைக் கொடுத்துத் தெருவுக்குத் தள்ளி நிறுத்திவந்தது பாக்கியலக்ஷ்மிதான்; ஒற்றை ஆளாக.